படகு நிழலில் ஒருவர்

எனக்குச் சந்தேகப் புத்தி. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், பிறகு விற்கிறவர் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வேன். பக்கத்து வீட்டில் பிரசாதம் கொடுத்தால்கூட எந்தக் கோவில், எப்போது செய்தது என்று நான் கேட்பதாக என் வீட்டுக்காரர் காரைக்காலில் எங்கள் கோவில்பத்து முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர் நான். எதையும் செய்து பார்க்காமல் நம்பாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே அது குணமாகிவிட்டது.

அதனால், என்னைப்போலப் படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் கறுப்பு வெள்ளைப் படங்களைக் கணினியில் ஏற்றிப் பிரிண்டரில் அடிக்க ஆரம்பித்தபோது நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் கொல்லைப்புறக் குளியலறைதான் என் இருட்டறை. ஜன்னலில் கறுப்புத் துணி, தரையில் வரிசையாகத் தட்டுகள், சிவப்பு பல்பு. தாளில் இருக்கும் வெள்ளி எப்படிக் கறுக்கிறது என்று எனக்குச் சமன்பாட்டோடு தெரியும். பிரிண்டர் டப்பாவுக்குள் என்ன நடக்கிறது என்று யார் கண்டது? மை தெளித்த தாளைக் காட்டிப் புகைப்படம் என்கிறார்களே, யார் காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று கோபமாக வரும்.

என்னைவிடக் கோபப்பட்டவர் ஒருவர் இருந்தார். புதுச்சேரியில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கென்றே ஆண்டுதோறும் கண்காட்சி நடத்துகிறவர். யார் படம் கொடுத்தாலும் திருப்பி முதுகை மோந்து பார்த்து, படம் கழுவும் ஹைப்போ மருந்தின் வாசனை இல்லையென்றால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். அவரே கொஞ்சம் கொஞ்சமாக மாறினார். முதலில் மூலையில் ஒரு சுவரைப் பிரிண்டர் படங்களுக்கு ஒதுக்கினார். அடுத்த முறை பாதி அரங்கம். இந்த வருஷம், எப்படி அச்சிட்டது என்ற குறிப்பே படத்தின் கீழே தேவையில்லை என்றார். பிரிண்டர் கம்பெனிக்காரன் ஏதோ கவனித்திருக்கிறான் என்று நான் வெளிப்படையாகவே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "உங்க மீன் ஏலப் படத்தைப் பெருசாப் போட்டு அனுப்புங்க டீச்சர். எப்படிப் போட்டாலும் சரி" என்றார்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுனாமி வந்த வருஷம், அதற்குச் சில மாதங்கள் முன்னால், காரைக்கால்மேட்டுக் கடற்கரையில் எடுத்தது. நடுவில் ஒரு மீன்காரப் பெண் கையை உயர்த்தி ஏலம் கேட்கிறாள். வெயில் மணலில் பட்டுத் தெறிக்கிறது. அவளுக்குப் பின்னால் கரையில் ஏற்றிய படகு, அதன் நிழல் அட்டைக் கறுப்பு. அந்தக் கறுப்பை எல்லோரும் புகழ்வார்கள். எனக்கும் அதில் பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் புருஷனைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. வீடும் போயிற்று. அப்போது மகள் கைக்குழந்தை. சர்க்கார் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு அவர் குடிபோனபோது அந்தப் படத்தை ஒரு பிரதி போட்டுக் கொடுத்தேன். இன்றும் அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது.

இந்த ஆனியில் அவரே என்னைத் தேடி வந்தார். மகளுக்கு ஆவணியில் கல்யாணம். அப்பா படத்துக்கு மாலை போட்டு, அதன் முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் மணமேடை ஏறுவேன் என்று பெண் ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஆனால் அந்த மனிதருக்கு ஒரு படம்கூடக் கிடையாது. ரேஷன் கார்டிலிருந்து கல்யாண ஆல்பம் வரை எல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. ஏதோ ஆபீசில் தேடியெடுத்த ஜெராக்ஸில் முகம் இருந்த இடத்தில் வெறும் மை.

ஸ்டுடியோக்காரர் ஒருவர் தான் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். கொழுந்தனார் படத்தை வாங்கி, மீசையைத் தடிமனாக்கி, நிறத்தைக் கூட்டி, பட்டுச் சட்டை மாட்டி, இதுதான் உங்கள் வீட்டுக்காரர் என்று சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்தம்மா அதை அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"செத்த மனுசனுக்கு வேசம் கட்றாங்க டீச்சர். நீங்கதான் அப்பல்லாம் கரைக்கு வந்து படம் புடிப்பீங்களே, எதுலயாச்சும் அவரு உளுந்திருக்காரா பாருங்க."

தேடினேன். பழைய பிரிண்டுகள், ஒரு சுருள் முழுவதையும் சின்னச் சின்னதாக அச்சிட்ட காண்டாக்ட் தாள்கள் எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அவர் முகம் எனக்கும் மறந்துபோயிருந்தது. வலை, படகு, மற்ற ஆண்கள் எல்லாம் இருந்தார்கள். அடையாளம் காட்ட அந்தம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இல்லை என்று சொல்லி அனுப்புவது எனக்குச் சங்கடமாக இருந்தது.

இதற்கிடையில் கண்காட்சிக்கு நாள் நெருங்கியது. நான் பயன்படுத்தும் தாள் இப்போது கடைகளில் வருவதில்லை. மிச்சம் வைத்திருந்ததை நம் ஊர் உப்புக்காற்று ஒருவழி பண்ணிவிட்டது. வேறு வழியில்லாமல் மீன் ஏல நெகட்டிவ்வைச் சென்னைக்கு அனுப்பினேன். ஸ்கேன் செய்து அச்சிட்டு அனுப்பும் ஒரு லேப்.

பெரிய உருளையில் படம் வந்தது. விரித்தேன். அச்சு நன்றாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். மணலின் ஒவ்வொரு சுவடும் தெரிந்தது. அப்புறம் படகு நிழலைப் பார்த்தேன். அங்கே கறுப்புக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார்.

நான் எடுத்த படம். எத்தனையோ முறை அந்தச் சிவப்பு பல்பின் கீழ் கழுவி எடுத்த படம். அதில் ஆள் யாரும் கிடையாது. உடனே லேப்புக்குப் போன் போட்டேன். இருட்டாக இருந்தால் கணினியே கற்பனை பண்ணி நிரப்பிக்கொள்கிறதாமே, யாரைக் கேட்டு ஆளைச் சேர்த்தீர்கள் என்று சத்தம் போட்டேன். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாக, "நாங்க எதையும் சேர்க்கலைங்க. உங்க நெகட்டிவ்வுல இருந்ததுதான்" என்றார்.

நம்பவில்லை. திரும்பி வந்த நெகட்டிவ்வை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து லென்ஸை ஒட்டவைத்துப் பார்த்தேன். நெகட்டிவ்வில் எல்லாம் தலைகீழ், நிழல் இருந்த இடம் கண்ணாடிபோல வெளுத்திருந்தது. அதற்குள் சாம்பல் படிந்ததுபோல மிக லேசாக ஓர் உருவம், முட்டியைக் கட்டிக்கொண்டு இருந்தது. என் தாளுக்கு அவ்வளவு மெல்லிய வித்தியாசம் எட்டவில்லை. அச்சிடும்போது மணல் வெயிலுக்குச் சரியாக வெளிச்சம் வைத்தால் நிழல் முழுக்கக் கறுத்துவிடும், அவ்வளவுதான் விஷயம். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக, இது அவராக இருக்குமோ என்று பதற்றமாக இருந்தது.

மறுநாள் படத்தையும் நெகட்டிவ்வையும் எடுத்துக்கொண்டு காரைக்கால்மேட்டுக்குப் போனேன். அம்மாவும் மகளும் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள். படத்தைத் தரையில் விரித்து நிழலைக் காட்டினேன். அந்தம்மா பார்த்தார். ஒரு நிமிஷம் முகம் மலர்ந்தது, உடனே இறுகிவிட்டது. எழுந்துபோய்ச் சுவரிலிருந்த பழைய படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதில் அட்டைக் கறுப்பு.

"இதுல இல்லாதவரு அதுல எப்படி டீச்சர் வந்தாரு?" என்று கேட்டார். "அவரு சாடைதான். அந்த ஸ்டுடியோப் படமும் அவரு சாடையாதான் இருந்திச்சு. நீங்களுமா?"

அந்த "நீங்களுமா" எனக்குச் சுருக்கென்றது. நான் லேப்காரரிடம் கேட்ட கேள்வியைத்தான் அவர் என்னிடம் கேட்கிறார். கணினி எதையும் சேர்க்கவில்லை, இருந்ததைத்தான் எடுத்துக் காட்டியிருக்கிறது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் அந்தப் பிரிண்டரைத் திட்டிய வாயால் அதற்காக வாதாடினேன். நெகட்டிவ்வை வாசல் வெளிச்சத்தில் காட்டினேன். அதில் முகம் எது, முதுகு எது என்றே அவருக்குப் புரியவில்லை. எடுத்துக்கிட்டுப் போங்க, பிள்ளை மனசில் ஆசையைக் கிளப்பாதீங்க என்று சொல்லிவிட்டு மஞ்சள் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். நானும் படத்தைச் சுருட்டக் குனிந்தேன்.

மகள் விடவில்லை. படத்தின் ஓரத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, நிழலில் இருந்தவரைத் தலையிலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தாள். தன் அப்பாவா இல்லையா என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. நினைவு தெரிந்து அவள் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை.

"அம்மா, கால்ல என்னமோ கட்டியிருக்காரு. புள்ளிப் புள்ளியா துணி."

அந்தம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார். மண்டியிட்டு, மூக்கு தாளில் படும் அளவுக்குக் குனிந்தார். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார். புருஷனுக்குத் திருக்கை மீன் முள் ஏறிக் கால் வீங்கிப்போனபோது, தன் புள்ளிச் சேலையைக் கிழித்து இவர்தான் கட்டிவிட்டாராம். அது இவர் சேலைத் துணி என்று அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. காலை ஊன்ற முடியாமல் அந்த வாரம் முழுக்க அவர் கடலுக்குப் போகவில்லை. ஆனாலும் தினமும் காலையில் நொண்டிக்கொண்டு எங்கோ வெளியே போய்விடுவார். சாராயக் கடைக்குத்தான் என்று இவருக்கு நிச்சயம். வந்ததும் வாயை மோந்து பார்ப்பாராம்.

மகள் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான்தான் தயங்கி, இவரை மாலைக்கு வைக்கலாமா என்று கேட்டேன். வைக்கலாம் என்று அந்தம்மா தலையாட்டினார். அப்புறம் என்னைப் பார்க்காமல், படத்தில் ஏலம் கேட்டுக்கொண்டிருந்த தன்னையும் நிழலில் இருந்தவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கரையிலதான் உக்காந்திருந்தேன், உன்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்னு சொன்னாரு டீச்சர். பொய் சொல்றியான்னு சோத்துத் தட்டைப் புடுங்கிட்டேன்."