வக்தி வாசித்துச் சொன்ன சேதிகள்

தந்தா நகரில் மின்வாரிய எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் வக்தி. மனைவி இன்ஷிராஹ் பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. ஒரே மகள் நஷ்வா கல்யாணமாகிக் கனடா போன பிறகு வெளிநாட்டு அழைப்பு கட்டுப்படியாகாமல் அவள் சேதி வந்ததெல்லாம் டயல்-அப் இணையத்தில்தான். மோடம் கிறீச்சிட்டு ஓய்ந்ததும் இன்ஷிராஹ் தேநீரோடு வந்து உட்காருவாள். கணினித் திரையில் வருவதை அவர் வாசிப்பார். அவள் சொல்லச் சொல்லத் தட்டி அனுப்புவார்.

ஒருநாள் நஷ்வா எழுதினாள்: மார்பில் புற்றுநோய், அம்மாவுக்குத் தெரியவேண்டாம். பக்கத்திலேயே இன்ஷிராஹ் காத்திருந்தாள். வக்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, அங்கே பனி கொட்டுகிறதாம், மாப்பிள்ளை புதுக் கோட்டு வாங்கித் தந்தாராம் என்று வாசித்தார். அன்றிலிருந்து அவராகவே இட்டுக்கட்டி வாசித்தார். அவள் சிரிக்கும்போது கூடவே சிரிக்கவும் வேண்டியிருந்தது.

கீழ்வீட்டு பஹீகா பிராட்பேண்ட் போட்டாள். முகம் பார்த்தே பேசலாம், கம்பி இழுத்து உங்களுக்கும் தருகிறேன் என்றாள். இருக்கிறதே போதும் என்று வக்தி மறுத்தார்.

"படிக்கத் தெரிஞ்சவரு, உங்களுக்குப் போதும். எனக்கு அவ மூஞ்சி வேணும், அபூ நஷ்வா," என்று மகள் பெயரை வைத்துக் கணவரை அழைத்தாள் இன்ஷிராஹ்.

சிகிச்சை முடியட்டும் அப்பா என்று மகள் கெஞ்சியிருந்தாள். அவரும் சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் தொழுகைக்குப் போன நேரத்தில் பஹீகாவின் கணவர் பால்கனி வழியாகக் கம்பியை இழுத்து, கேமராவும் மாட்டிவிட்டார். வக்தி திரும்பி வந்தபோது திரையில் நஷ்வா. இறுக்கிக் கட்டிய முக்காடு. மையால் வரைந்த புருவம்.

"வீட்டுக்குள்ள எதுக்குடி முக்காடு? எடு, உன் முடியப் பாக்கணும்."

நஷ்வா அப்பாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக அவிழ்த்தாள். இன்ஷிராஹ் திரையில் தெரிந்த மொட்டைத் தலையை விரலால் தடவினாள். கடைசியில், "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

திரை அணைந்ததும் கணவர் பக்கம் திரும்பினாள். "பனி கொட்டுச்சுன்னு படிச்சீங்களே, அதுவாச்சும் நெசமா?"



அதன்பின் பகலெல்லாம் இணையம் ஓடிக்கொண்டே இருந்தது. அங்கே விடியும் நேரத்துக்கென்றே இங்கே வேலைகளை ஒதுக்கி வைப்பாள் இன்ஷிராஹ். திரைக்கு முன்னால் உட்கார்ந்து பட்டாணி உரிப்பாள், துணி மடிப்பாள். நஷ்வா பேசப் பேச அசந்து சோபாவிலேயே தூங்கிப்போனால் அந்தத் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போய்ப் பார்க்க விசா கேட்டார்கள், வரவில்லை. வசந்தத்தில் ஒருநாள் திரையில் மருமகன் மட்டும் வந்தான். அவன் அழுததே போதுமானதாக இருந்தது, யாரும் வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்ஷிராஹ் வக்தியிடம் சண்டை போடவில்லை. வேளைக்குச் சோறு போட்டாள், தேநீர் கொடுத்தாள். ஆனால் தன் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிக் கீழ்வீட்டுக்குப் போவாள். "குடு, நான் படிச்சுச் சொல்றேன்," என்று ஒருமுறை கை நீட்டினார்.

"வேண்டாம். பஹீகா படிச்சுட்டா," என்றாள், கோபமே இல்லாமல்.