வருஷத்துக்கு ஒருத்தி

நானும் அக்காவும் இரட்டைப் பிள்ளைகள். கொஞ்சம் முந்திக்கொண்டு வெளியே வந்ததால் அவள் அக்கா. அந்த அதிகாரத்தை இன்றுவரை அவள் விட்டுக்கொடுத்ததில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சென்னையில் பேர்போன ஒரு கல்லூரியில் இருவருக்கும் மைக்ரோபயாலஜியில் இடம் கிடைத்தது. எங்கள் ஊர் பசியாவரம் முழுக்க அதே பேச்சு. ஆனால் இரண்டு பேரையும் ஹாஸ்டலில் வைத்துப் படிக்கவைக்க, மீன்பிடித்துக் குடும்பம் நடத்தும் எங்கள் நைனாவால் முடியாது. ஒருத்தி சென்னைக்கு, இன்னொருத்தி வீட்டிலிருந்தே பொன்னேரிக் கல்லூரிக்கு என்று முடிவானது. யார் எங்கே என்பதில்தான் சண்டை.

நைனா அதற்கெல்லாம் அசரவில்லை. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று எங்கள் ஊரில் சீட்டுக் குலுக்கித்தான் பிரிப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். இன்றைக்கு நல்ல இடம் வாய்த்தவர் அடுத்த முறை நகர்ந்துகொள்ள வேண்டும். எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. அதே வழக்கப்படி நைனா சீட்டுப் போட்டார். சென்னை அக்காவுக்கு விழுந்தது. நான் தினமும் படகும் பஸ்ஸும் மாறிப் பொன்னேரிக்குப் போனேன். வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்.

முதல் வருஷம் முடிந்ததும் நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு சென்னைக் கல்லூரியின் ஆபீசுக்குப் போய்விட்டார். இனி என்னுடைய முறையாம். அங்கிருந்த கிளார்க்குக்கு விஷயம் விளங்கவே நேரமாயிற்று.

"ஒரே வயித்துல பொறந்ததுங்க சார். ரெண்டும் ஒரே படிப்பு. வருஷத்துக்கு ஒருத்தினு வந்துட்டுப் போவட்டும்."

கிளார்க் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்படி ஒரு விதியே கிடையாது என்று மரியாதையாகச் சொன்னார். அக்கா தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பஸ்ஸில் திரும்பும்போது நைனா பொருமித் தீர்த்தார்.

"இன்னா காலேஜ் அது? மொத நாளு பாடு கெடைச்சவனுக்கே கடைசி வரைக்கும் பாடா?"

அவர் கேட்டது அப்போது எனக்கு வெறும் வேடிக்கை. படிப்பு முடிந்த பிறகுதான் உறைத்தது. அக்காவைக் கல்லூரிக்கே வந்து வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். நான் ஏறாத படி இல்லை. கடைசியில் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் லேபில் உதவியாளராகச் சேர்ந்தேன். வேலை பிடித்திருந்தது. வருஷங்கள் ஓடின.

போன வருஷம் அந்த லேபின் பொறுப்பாளர் பதவி காலியானது. எனக்கு அது வேண்டும், ரொம்பவே வேண்டும். போட்டிக்கு வந்தவரோ அக்காவின் கல்லூரிக்காரர். பயத்தில் அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் ஆறுதலுக்காகப் பொய் சொல்கிற ரகம் இல்லை.

"அந்தப் பேரு என்னை உள்ள இட்டுனு போய் உக்கார வெச்சுது. நீ அலைஞ்ச மாதிரி நான் அலையல, அத்த இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அப்பறம் எவனும் காலேஜ் பேரைக் கேக்கல. வேலையத்தான் கேட்டான்."

நேர்காணலில் அப்படித்தான் நடந்தது. ஒருமுறை திரும்பி வந்த சரக்கைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார்கள். அன்று நாங்கள் செய்ததை, சறுக்கியதையும் சேர்த்து, சொன்னேன். பதவி எனக்கே வந்தது. நைனா படகுத்துறையில் ஒருவரை விடாமல் நிறுத்திச் சொன்னார். கேட்டவரிடமே மறுபடியும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

புதுப் பொறுப்பில் முதல் வேலை, நான் விட்டு வந்த உதவியாளர் இடத்துக்கு ஆள் எடுப்பது. மேஜை நிறைய விண்ணப்பங்கள். டீயைக் குடித்துக்கொண்டே உற்சாகமாகப் பிரித்து வைத்தேன், சிலது இந்தப் பக்கம், சிலது அந்தப் பக்கம். பாதிக்கு மேல் போன பிறகுதான் என் கை என்ன செய்கிறது என்று பார்த்தேன். பெரிய கல்லூரிகளெல்லாம் இடது பக்கம். ஒதுக்கி வைத்த வலது பக்க அடுக்கில், எல்லாவற்றுக்கும் மேலே, பொன்னேரிக் கல்லூரியில் படித்த ஒரு பெண்.

வெட்கமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. இரண்டு அடுக்கையும் ஒன்றாக்கி, எல்லாரையுமே நேரில் வரச் சொல்லிவிட்டேன். அந்த வாரம் முழுக்க லேபில் வேறு வேலை ஓடவில்லை.