பாகீரதி அளந்த காட்டு மண்ணின் மூச்சு

1936-ம் வருஷம், ஆவணி முதல் திங்கட்கிழமை, பாகீரதி காட்டுக்குப் புறப்பட்டாள். நெடுமங்காடு வரை பஸ், அப்புறம் மாட்டுவண்டி. பழவங்காடிப் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் சயன்ஸ் டீச்சர் அவள், இளம் விதவை. தனியாக அனுப்ப மாட்டார்கள் என்பதால் அத்தை சூடாமணியும் கூடப் போனாள்.

காலேஜில் மாணவர்களுக்குச் சோதனை செய்து காட்டும் டிமான்ஸ்ட்ரேட்டர் வேலை ஒன்று காலியாயிருந்தது. சொந்தமாக ஒரு சோதனை செய்து காட்டினால் சிபாரிசு செய்வதாக அங்கிருந்த புரொபசர் சொல்லியிருந்தார். இலைகள் வெயிலில் கரியமில வாயுவை உறிஞ்சுகின்றன. மண் அதை வெளியே விடுகிறது. காட்டு மண் எவ்வளவு விடுகிறது? தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி மண்மேல் வைத்து, அதன்மேல் ஒரு பெரிய பாத்திரத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் வெளுக்கும். வாயு அதிகமானால் வெளுப்பும் அதிகம். வீட்டுக் கொல்லையில் ஏற்கெனவே செய்து பார்த்திருந்தாள்.

காட்டில் இடத்தைக் காட்டி, கிண்ணத்தை வைத்துப் பாத்திரத்தைக் கவிழ்க்கும்படி அத்தையிடம் சொல்லிவிட்டு, வகுப்புக்கு இலை பறிக்கப் போனாள். சாயங்காலம் திறந்தால் கிண்ணத்துத் தண்ணீர் மோராக வெளுத்திருந்தது. புரொபசர் அசந்துபோனார். வேலை ஏறக்குறைய நிச்சயம்.

அக்கம்பக்கத்தார் விசாரிக்க வந்தபோது சூடாமணிக்குப் பெருமை தாங்கவில்லை.

“நான் மெழுகி வெச்ச இடமாக்கும். பின்னே சும்மாவா?”

“என்னத்த மெழுகினேள், அத்தை?” என்றாள் பாகீரதி.

“சாணிதான். வண்டிமாடு போட்டது. பாத்திரம் வெக்கற இடத்தை மெழுகாம விடுவாளோ? காடுன்னா ஆசாரம் வேண்டாமோ?”

“ஐயோ! சாணியும் அதே வாயுவை விடுமே!”

“விட்டா விடட்டுமேடி. யாருக்குத் தெரியப்போறது?”

ஈரக் காட்டு மண்ணின் கறுப்பில் அன்று சாணி பாகீரதியின் கண்ணில் படவேயில்லை. மறுநாள் காலையில் புரொபசரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். வேலை வேறொருவருக்குப் போயிற்று.

அவர்கள் அடுத்த வீடுதான் எங்கள் வீடு; வெளியூர்களெல்லாம் சுற்றிவிட்டு நான் திரும்பிய பிறகு சூடாமணியே இதை எனக்குச் சொன்னாள். “என் கையாலேயே கெடுத்தேனே” என்று அப்போதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாகீரதி கோபிக்கவில்லை. அடுத்த மாதமே அத்தையை மறுபடி காட்டுக்குக் கூட்டிப்போனாள்.

“நீங்க வண்டியிலேயே இருங்கோ. இறங்கப்படாது.”

“ஆகட்டும்மா, நீ ஜட்ஜு, நான் கைதி.”

இந்தத் தடவை வெளுப்பு குறைவு. ஆனாலும் கொல்லை மண்ணைவிட அதிகம். அதை எழுதிப் புரொபசருக்கு அனுப்பினாள். பதில் இல்லை. பள்ளிக்கூடத்திலேயே வருஷங்கள் ஓடின.

1942 மே மாதம் புரொபசரிடமிருந்து ஒரு கார்டு வந்தது: “உங்கள் இரண்டாவது சோதனையை நாங்களும் செய்து பார்த்தோம், சரிதான். டிமான்ஸ்ட்ரேட்டர் இடம் மறுபடி காலியாகிறது. ஜூன் முதல் தேதி வந்து சேரவும்.”