வாலில்லாத செல்லப் பெயர்

செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்களுக்கு விடும் வாடகை அறைகளைப் பெருக்கித் துடைத்து, கேட்டவர்களுக்குச் சமைத்தும் போடுகிறவள் ஆதிலட்சுமி. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். நான்கு வருடமாக, மார்கழி பிறந்தால் ஜெர்மனியிலிருந்து ஹெல்கா வந்துவிடுவாள். அவளுக்குத் தமிழ் வந்ததே ஆதிலட்சுமியின் அடுப்படியில்தான். ‘மல்லாட்டை’, ‘ஜாஸ்தி’, ‘கம்மி’ எல்லாம் அங்கே படித்தது. தோசையைப் பிய்க்கத் தெரியாமல் அவள் திண்டாடினால், “ஏய் கொரங்கே” என்று ஆதிலட்சுமி கன்னத்தைக் கிள்ளுவாள். பெற்ற மகளையும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

இந்த வருடம் எதிர்வீட்டு மதிவதனி நடுவில் நுழைந்தாள். எம்.ஏ. படித்தவள், வெளிநாட்டுக்காரர்களுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறாள். சாயங்காலமானால் ஹெல்கா நோட்டோடு அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள். மல்லாட்டை நிலக்கடலை ஆயிற்று. ஆதிலட்சுமிக்கு வயிறு எரிந்தது. எதிர்வீட்டைப் பார்த்தபடியே துடைப்பத்தை ஓங்கி ஓங்கித் தட்டினாள்.

ஒருநாள் ஹெல்கா சிரிக்காமல் வந்து நின்றாள். பின்னால் மதிவதனி.

“ஆதி, கொரங்குன்னா மங்கின்னு டீச்சர் சொன்னாங்க. நான் மங்கியா?”

ஆதிலட்சுமிக்கு நல்லவேளையாக டிவியில் கோட்டுப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒன்று ஞாபகம் வந்தது.

“மங்கி இல்லம்மா, சிம்பன்சி! அதுக்கு வாலு கெடையாது. மூள ஜாஸ்தி.”

மதிவதனி விழுந்து விழுந்து சிரித்தாள். “அக்கா, அதையும் தமிழ்ல மனிதக் குரங்குன்னுதான் போட்டிருக்காங்க.”

ஹெல்கா நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். அதன்பிறகு சாப்பிட்ட கையோடு எழுந்துவிடுவாள். அடுத்த மார்கழிக்கு எதிர்வீட்டு மாடியில் தங்கிவிடுவாளோ என்று ஆதிலட்சுமி வெந்து போனாள். அந்த மாடி அறையில் வெந்நீர்க் குழாய்கூட உண்டு.

ஊருக்குக் கிளம்பும் நாளில் ஆட்டோ வந்து நின்றது. ஹெல்கா மதிவதனியைப் பார்த்துக் கைகூப்பினாள். “நன்றி, டீச்சர். சென்று வருகிறேன்.”

ஆதிலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கன்னத்தை ஹெல்கா வந்து கிள்ளினாள்.

“போய்ட்டு வரேன், சிம்பன்சி. அடுத்த வருஷம் எனக்கு அதே ரூம்.”

ஆட்டோ மறையும்வரை ஆதிலட்சுமி அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எதிர்வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

“ஒன்ன என்னன்னு கூப்ட்டா?”

“டீச்சர்னு.”

“அவ்ளோதானா?”