படுக்க வைத்த தூண்

கல்லில் வெட்டியிருக்கிற என் சித்தப்பாவின் பெயரை வாசிக்க வேண்டுமென்றால் கழுத்தை இடது தோள் பக்கம் சாய்க்க வேண்டும். நேராக நின்று பார்த்தால் எழுத்தெல்லாம் படுத்துக் கிடக்கும். நான் மூன்றாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம் போனேன். அந்தப் படிப்பிலும் பாதி எழுத்தை அந்தக் கல்லில்தான் பழகினேன். அதனால் இன்றைக்கும் எதையாவது வாசிக்க உட்கார்ந்தால் என் தலை தானாகச் சாய்ந்துகொள்கிறது. கல்யாணமாகிப் போன வீட்டில் என் நாத்தனார் இதைப் பார்த்துச் சிரிப்பாள். "எழுத்து காதுக்குள்ள வந்து விழுகணுமாக்கும்" என்பாள்.

அந்த வீட்டிலிருந்து போன தை மாதம் அம்மா வீட்டுக்கு வந்தேன். இன்னும் திரும்பிப் போகவில்லை. பகலெல்லாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தே கிடக்கிறேன். படுத்துக் கிடப்பதாலோ என்னவோ, அந்தத் தூண் நினைவாகவே இருக்கிறது.

எங்கள் ஊர் மலை மேல் மன்னவனூரையும் தாண்டி இருக்கிறது. நான் சிறுமியாக இருந்தபோது இங்கே ரோடு கிடையாது. லாரி பாதி வழியில் நின்றுவிடும். அங்கிருந்து ஊருக்கு ஒற்றையடிப் பாதைதான். வசதி உள்ளவர்கள் பூண்டையும் உருளைக்கிழங்கையும் குதிரை மேல் ஏற்றி லாரிக்கு அனுப்புவார்கள். மற்றவர்களுக்குத் தலைதான் குதிரை. அம்மா, சித்தி, ஊரிலுள்ள மற்றப் பெண்கள் எல்லோரும் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு மூட்டையோடு இறங்குவார்கள்.

சித்தப்பா, அதாவது என் அப்பாவின் தம்பி, பட்டாளத்தில் இருந்தார். ஓர் ஆடி மாதம் லீவில் வந்தார். எனக்கு ஒரு தகர விசில் கொண்டுவந்தார். நான் அதை ஊதி ஊதி வீட்டில் எல்லோருக்கும் தலைவலி வந்ததும் திரும்பிப் போனார். அந்தக் கார்த்திகையில், சீனாக்காரனோடு நடந்த சண்டையில் அவர் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. உடம்பு வரவில்லை. பனி மலையில் எங்கேயோ கிடக்கிறது என்றார்கள். நான் எங்கள் ஊர் மூடுபனியையே பனி என்று நினைத்திருந்ததால், பனி விலகியதும் தேடிப் பார்த்தால் என்ன என்று கேட்டேன்.

தந்தி வந்த சில நாளில் சித்தி படுக்கையில் விழுந்தாள். குளிர் காய்ச்சல் என்றார்கள். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது சித்தி பாதியாகிப் போயிருந்தாள். அதற்கு முன்பெல்லாம் அவள் என்னை ரகசியமாகக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டில் நாரத்தங்காய் ஊறுகாய் வாங்கி வரச் சொல்லுவாள். வழியில் நான் நக்கிக்கொள்வதைக் கண்டுகொள்ள மாட்டாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் ஊறுகாயே கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், சித்தப்பா போனதைவிட எனக்கு அதுதான் அப்போது வருத்தம்.

மறு வருஷம் அப்பா தம்பிக்கு ஒரு கல் வைக்க வேண்டும் என்று கிளம்பினார். பழனியில் கல் கொத்துகிற ஒருவரிடம் சொல்லி, நாலு பட்டைத் தூணாக ஒன்று அடிக்கச் செய்தார். ஒரு பட்டையில் மேல் முனையை ஒட்டிச் சித்தப்பாவின் பெயர், அதற்குக் கீழே ஊர் பெயர். மற்ற மூன்று பட்டையும் வெறுமனே. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் அதை நிறுத்துவது, ஓர் ஆபீசர் வந்து மாலை போடுவது என்று பஞ்சாயத்தில் பேசி முடித்தார்கள். அப்பா அந்த நாட்களில் நடந்ததே வேறு மாதிரி இருந்தது. நெஞ்சை முன்னே விட்டு நடந்தார்.

சித்திக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

எங்கள் பக்கம் கணவனின் அண்ணனோடு பெண்கள் நேருக்கு நேர் பேசுவதில்லை. அதனால் சித்திக்கும் அப்பாவுக்கும் நடுவில் நான்தான் வாய். அடுப்படிக்கும் முன்கட்டுக்கும் இடையே இருந்தது ஒரு மண்சுவர். அது கூரை வரைகூட எட்டாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். ஆனாலும் ஒவ்வொரு வார்த்தையையும் நான் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும்.

"ஒங்க அப்பாகிட்டச் சொல்லு தாயி. கல்ல நட்டமா நிறுத்த வேணாம். பாதை ஏத்தத்துல சுமைதாங்கியா படுக்க வைக்கச் சொல்லு."

"அப்பா, கல்லப் படுக்க வைக்கணுமாம்."

"கேட்டுச்சு. எதுக்காம்?"

"எதுக்காம் சித்தி?"

சித்தி அடுப்பை ஊதினாள். அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

"ஒங்க சித்திகிட்டச் சொல்லு," என்றார் அப்பா. "அவன் பட்டாளத்தான். நிமிந்து நின்ன பய. அவன் பேரு போட்ட தூணப் படுக்கப் போட்டு, அதுமேல கெழங்கு மூட்டைய எறக்குறதான்னு கேளு."

"சித்தி, கெழங்கு மூட்டைய..."

"கேட்டுச்சு தாயி."

சுமைதாங்கி என்றால் இரண்டு கல்லை நிறுத்தி, மேலே குறுக்கே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலை உயரத்துக்கு இருக்கும். தனியாக வருகிறவள் பிறர் கை உதவி இல்லாமல் மூட்டையை அதன்மேல் தள்ளிவிட்டு மூச்சு வாங்கலாம். திரும்பத் தலையைக் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். எங்கள் ஊரில் பழைய சுமைதாங்கி ஒன்று இருந்தது. பாதை மாறிப் போனதால் அது வாட்டில் என்கிற சீமை மரங்களுக்குள் மாட்டிக்கொண்டு, யாருக்கும் உதவாமல் நின்றது. அதை ஏன் பாதைக்குப் பக்கத்தில் எடுத்து வைக்கக் கூடாது என்று முன்பொரு நாள் அப்பாவிடமே கேட்டிருக்கிறேன்.

"பாரம் வாங்குன கல்ல அசைக்கக் கூடாது," என்றார். "அசைச்சா, அது எந்தப் பாரத்துக்காக வச்ச கல்லோ அந்தப் பாரம் அசைச்சவன் வீட்டுக்கு வந்துரும்."

எந்தப் பாரம் என்று கேட்டதற்கு, போய் ஆட்டைப் பாரு என்றார்.

சித்தி ஏன் அப்படிக் கேட்கிறாள் என்பது எனக்குப் பெரிய விசாரணையாகிவிட்டது. குதிரைக்காரரிடம் போனேன். ஊர் ஊராகச் சுற்றுகிறவர், அவருக்குத் தெரியாதது இருக்காது என்று நம்பினேன்.

"ஆம்பளைக்குச் சுமைதாங்கி வைப்பாங்களா?"

"வைக்கிறதில்ல. அது பொம்பளைகளுக்கு வைக்கிறது."

"எந்தப் பொம்பளைகளுக்கு?"

"ஒனக்கு எதுக்குடி அந்தச் சோலி. தள்ளிப் போ, குதிரை ஒதைச்சிரும்."

குதிரை நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். பட்டாளத்தில் ராத்திரி பகலாக நிற்க வைத்துக் காவல் காக்கச் சொல்வார்கள் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். செத்த பிறகும் நிற்க வேண்டுமா, கொஞ்சம் படுக்கட்டும் என்று சித்தி நினைக்கிறாள். இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்படியே வச்சுக்க," என்றாள்.

தூண் வந்த நாள் சந்தை நாள் இல்லை. வெள்ளனே எழுந்து அப்பாவும் ஊர் ஆண்களும் லாரி நிற்கிற இடத்துக்குப் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன். தூணை இரண்டு நீள மரங்களுக்கு நடுவே வைத்துக் கட்டி, முன்னாலும் பின்னாலுமாகத் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். பார்க்கப் பாடை மாதிரியே இருந்தது. வராத உடம்பை இப்போதுதான் கொண்டு வருகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. முன்னால் தோள் கொடுத்திருந்த அப்பாவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். வழியில் ஒருவர்கூடப் பீடி பற்றவைக்கவில்லை.

ஊருக்கு ஏறுகிற கடைசி மேட்டில் பாதையோரமாக இரண்டு பாறைகள் உண்டு. தோள் உயரம் இருக்கும். தரையில் இறக்கினால் மறுபடி தூக்குவது கஷ்டம் என்று, தூணின் இரண்டு முனையையும் அந்தப் பாறைகள் மேல் ஏற்றி வைத்தார்கள். கயிறு தளர்ந்திருந்ததால் அவிழ்த்துக் கட்டுவதற்காக மரங்களை உருவினார்கள்.

அப்போதுதான் மேலேயிருந்து பெண்கள் வந்தார்கள். ஏழெட்டுப் பேர், எல்லோர் தலையிலும் மூட்டை. முன்னால் சித்தி. அவளுக்குப் பின்னால் அம்மா.

"என்னக்கா, இன்னிக்கா சந்தை?" என்றார் ஒருவர்.

"கழுத்து வலிக்கு நாளுங் கெழமையும் தெரியுமாக்கும்," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

சித்தி தூணின் பக்கத்தில் வந்து நின்றாள். கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்தி மூட்டையைத் தூணின் மேல் தள்ளினாள். பிறகு சும்மாட்டை எடுத்து உதறினாள். அவ்வளவுதான். அப்பா சித்தியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"ஒங்க சித்திகிட்டச் சொல்லு. மூட்டைய எடுக்கச் சொல்லு."

"சித்தி, மூட்டைய எடுக்கணுமாம்."

"எறக்கியாச்சுன்னு சொல்லு."

"எறக்கியாச்சாம்ப்பா."

அதற்குள் அடுத்தவள் தன் மூட்டையைத் தள்ளினாள். அதற்கடுத்து இன்னொருத்தி. அம்மா தன் மூட்டையை வைத்தபோது நான் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று அமுங்கியது. வாயைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே காய்ந்த பெரணித் தழை. கிழங்கும் இல்லை, பூண்டும் இல்லை. இவ்வளவு தூரம் பெரணியைச் சுமந்து வர இவர்களுக்கு என்ன வந்தது என்று நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

ஆண்களில் ஒருவருக்கு வீட்டில் மனைவி மாசமாக இருந்தாள். அவர்தான் கையிலிருந்த கயிற்றை முதலில் கீழே போட்டார். "என்னால ஆகாது," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று மேடேறிப் போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். அப்பா மட்டும் வெகுநேரம் நின்றார். பிறகு தரையில் தேடி ஒரு தட்டைக் கல்லை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த முனைக்கு அடியில் சொருகினார். அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை.

ஆபீசர் வந்தது கிழங்கு சுமக்கிற குதிரையில். அதற்கே அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. மாலையை எதில் போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு, கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பெயரை வாசித்தார்.

"தூண் விழுந்திருச்சா?"

"விழலீங்க," என்றார் அப்பா. "எங்க ஊர்ல இப்படித்தாங்க வைப்போம்."

ஊரே அங்கே நின்றது. எங்கள் ஊரில் எந்த ஆணுக்கும் அப்படி வைத்ததில்லை என்று எல்லோருக்கும் தெரியும். யாராவது மறுத்துச் சொல்வார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லோரும் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன தையில் எனக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வயிற்றில் இருந்தது தங்கவில்லை. பையன் என்றார்கள். என்னிடம் காட்டவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றும் சொல்லவில்லை. உனக்கு வயசு இருக்கிறது என்று மட்டும் எல்லோரும் சொன்னார்கள்.

போன வாரம் சித்தி வந்து கம்பளியை இழுத்துப் போட்டாள். எழுந்திரு, மேடு வரைக்கும் போய் வரலாம் என்றாள். என் தலையில் சும்மாட்டை வைத்து அதன்மேல் ஒரு மூட்டையை ஏற்றினாள். நான் சுமை தூக்கக் கூடாது என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

"பெரணிதாங்க்கா," என்றாள் சித்தி.

தூணில் மூட்டையை இறக்கினேன். கனமே இல்லாத மூட்டைதான். ஆனாலும் இறக்கியதும் எனக்கு அழுகை வந்தது. தை மாதத்திலிருந்து வராத அழுகை. சித்தி அது ஓயும் வரை நின்றாள். பிறகு, கிழங்கு விலை சொல்கிற குரலில் சொன்னாள்.

"தந்தி வந்தப்ப எனக்கு அஞ்சு மாசம் தாயி. அந்த வாரமே போயிருச்சு. உண்டானதே அவருக்குத் தெரியாது. வயித்துப் புள்ளையோட நானுஞ் செத்திருந்தா ஒரு சுமைதாங்கி வச்சிருப்பாங்க, அந்த வாட்டில் காட்டுக்குள்ள நிக்கிது பாரு, அது மாதிரி. நான் பொழச்சுக்கிட்டேன். பொழச்சவ புள்ளைக்கு யாரு கல்லு வைப்பா? அதான் அவரு கல்லுல பாதியக் கேட்டேன்."

திரும்பி வரும்போது வேறொன்று நினைவுக்கு வந்தது. தூண் வைத்த புதிதில், சந்தைக்குப் போகிறபோதெல்லாம் சித்தி மூட்டையை இறக்கிவிட்டு, கல்லின் மேல்பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டு நிற்பாள். அந்தப் பக்கம் எழுத்தே கிடையாது. சித்திக்குப் படிக்கத் தெரியாது, பாவம், பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை என்று நினைத்தேன். ஒரு நாள் அவள் கையைப் பிடித்து, பெயர் இருக்கிற பக்கத்தில் வைத்து அழுத்தினேன்.

"சித்தப்பா பேரு இங்க இருக்கு சித்தி."

"தெரியும் தாயி," என்றாள். என் திருப்திக்காகக் கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தாள். பிறகு எடுத்து மறுபடியும் மேலே வைத்துக்கொண்டாள்.

பெரியவர்களுக்கு எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தாலும் ஏறாது என்று நினைத்துக்கொண்டு, நான் கழுத்தைச் சாய்த்து எழுத்துக் கூட்டத் தொடங்கினேன்.