ஊசி எழுபதில் நின்றது

ஆர்விட் நைகார்டுக்கு வாழ்நாளில் ஒரே பகை குளிர்தான். மினசோட்டாவின் வடகோடியில் உருளைக்கிழங்கு போட்டுப் பிழைக்கிற மனுஷன் குளிரைப் பகைத்துக்கொண்டு எங்கே போவார்? ஆனாலும் பகைத்தார். அவர் பிறந்த மரக்குடிசையில் காலையில் வாளித் தண்ணீரைக் கோடரியால் கொத்தினால்தான் முகம் கழுவ முடியும். ஒரு குளிர்காலத்தில் எல்லோரும் அசந்து தூங்கிவிட, அடுப்பு அணைந்தது யாருக்கும் தெரியவில்லை. கைக்குழந்தையாக இருந்த தம்பி சளி கட்டிப் போய்விட்டான். அதற்கப்புறம் அவருடைய அம்மா எந்தப் பனிக்காலத்திலும் கண்ணயர்ந்ததில்லை. தன் வீட்டில் ஒரு பெண்ணும் நெருப்புக்குக் காவல் இருக்கக் கூடாது என்று ஆர்விட் அந்த வயதிலேயே வைராக்கியம் பிடித்துக்கொண்டார்.

உலகப் போர் முடிந்து, கிழங்கு நன்றாக விளைந்த ஒரு வருஷத்தில் அதைச் சாதித்தும் காட்டினார். நிலவறையில் எண்ணெய் உலை, சாப்பாட்டு அறைச் சுவரில் வட்டமாக ஒரு தெர்மோஸ்டாட். எழுபது டிகிரி ஃபாரன்ஹீட்டில், உடம்புக்கு இதமான சூட்டில், திருப்பி வைத்துவிட்டால் போதும். வீடு அதற்குக் கீழே குளிர்ந்தால் உலை தானே பற்றிக்கொள்ளும், சூடானதும் தானே அணையும். அக்கம்பக்கத்தில் யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. மாட்ட வந்த ஆள், சமையலறையை ஒட்டிய சுவர் வேண்டாம், மாடிப்படிப் பக்கம் வைக்கலாம் என்று முனகினான். ஆர்விட் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவருக்கு அறையின் சூட்டைக் காட்டும் அந்த ஊசியைப் பார்க்க வேண்டும்.

பக்கத்துப் பண்ணை ஆஸ்கர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏன் ஆர்விட், இது ரொட்டியும் சுடுமா?"

"அதுக்கு ரக்னா இருக்கா."

"அப்ப நீ எதுக்கு இருக்க?" என்றாள் அவர் மனைவி ரக்னா உள்ளேயிருந்து. ஆஸ்கர் அந்தக் கதையை மாதாகோயில் வாசலில் ஒரு வருஷம் சொல்லித் திரிந்தார்.

வருஷங்கள் ஓடின. மகள் எல்னா டுலூத் நகரத்துக்குக் கல்யாணமாகிப் போனாள். பிறகு ஒரு இலையுதிர்காலத்தில் ரக்னா படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். மாடி ஏற முடியாது என்றாகிவிட, வீட்டின் வடக்குப் பக்கம் இருந்த விருந்தாளி அறையில் அவளுக்குக் கட்டில் போட்டார். மாட்டுக் கொட்டகைக்குப் போகவர வாசல் திறக்கும்போது வாடைக்காற்று அவள்மேல் படக் கூடாதே என்று அந்த அறைக் கதவையும் சாத்தியே வைத்தார்.

அடுப்பு இப்போது அவர் கைக்கு வந்தது. படுக்கையிலிருந்தபடி அவள் சொல்லச் சொல்ல, ரொட்டி சுடக் கற்றுக்கொண்டார். முதல் ரொட்டியை ஆணியடிக்கத்தான் பயன்படுத்தியிருக்கலாம். ஆனால் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக மனுஷன் தினமும் சுட ஆரம்பித்தார். காலையில் விறகடுப்பை மூட்டினால் இருட்டும்வரை ரொட்டி, எலும்புச் சாறு, உருளைக்கிழங்கு அப்பம் என்று ஏதாவது ஒன்று அதன்மேல் இருக்கும். எத்தனை பிரியம் பாருங்கள். அந்தப் பிரியம்தான் எமனாக வந்தது.

ஜனவரியில் கனடாப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. அடுப்பின் சூட்டில் சாப்பாட்டு அறைச் சுவர் கதகதவென்று இருந்தது. ஊசி எழுபதில் நின்றது, சில நேரம் அதற்கு மேலும் ஏறியது. கீழே உலை மூச்சுக் காட்டவில்லை. ஆர்விட் அதைக் கவனித்துச் சந்தோஷம்தான் பட்டார். வீடு அத்தனை வெதுவெதுப்பாக இருக்கிறதாம்!

ரக்னாவின் அறைக்கு அவர் போகாமல் இல்லை. போகும்போதெல்லாம் அடுப்படியின் வேர்வையோடு போவார், இல்லையென்றால் கொட்டகைக் கம்பளிக் கோட்டோடு போவார்.

"குளிருதா ரக்னா?"

"அவ்வளவு மோசமில்ல."

எங்கள் மினசோட்டா ஆட்களைக் கழுத்தறுபடும்போது கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

"எழுபது இருக்கு. பாத்துட்டுத்தான் வரேன்."

"அப்ப சரி." கொஞ்சம் கழித்து அவள் சொன்னாள். "இன்னொரு போர்வை இருந்தா வேணாம்னு சொல்லமாட்டேன்."

வேறு ஊரில் பிறந்தவளாக இருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பாள். ரக்னாவுக்கு இதுதான் கத்தல். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவருக்கு இது புரிந்திருக்க வேண்டாமா? போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டு, ரொட்டி கருகிவிடுமே என்று ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமை எல்னா ரயிலில் வந்திறங்கினாள். நேரே அம்மாவிடம் போனவள், போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அப்பா, அம்மா ரூம்ல ஜன்னலுக்கு உள்பக்கமா பனி பிடிச்சிருக்கு. பேசினா வாயிலேர்ந்து புகை வருது."

"எழுபது இருக்கேம்மா. நீயே பாரு."

அவள் ஊசியைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்து அந்தச் சுவரில் வைத்து அழுத்தினாள். "இது உங்க அடுப்போட சூடுப்பா. நாள் முழுக்க இந்தச் சுவத்தைக் குளிர்காய வெச்சிருக்கீங்க. இது சூடா இருந்தா வீடே சூடா இருக்குன்னு அந்த டப்பா நெனச்சுக்கும், உலையைப் பத்த வைக்காது. அங்க அம்மாவைச் சூடாக்க யாரு இருக்கா?"

ஆர்விட் சுவரில் வைத்த கையை எடுக்கவில்லை.

இருவருமாக ரக்னாவைக் கட்டிலோடு சமையலறைக்குத் தூக்கி வந்தார்கள். டாக்டர் வந்து பார்த்து, இரண்டு நுரையீரலிலும் சளி இறங்கிவிட்டது என்றார். மறுநாள் சாயங்காலம் அவளுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. ஆர்விட் அவள் தலைமாட்டில் மண்டியிட்டார்.

"ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"நீதான் எழுபதுன்னு சொன்னியே," என்றாள் ரக்னா. "அப்ப எனக்குள்ளதான் ஏதோ அணையுதுன்னு நெனச்சேன். சாகறப்ப இப்படித்தான் குளிரும்போல, நீ பயப்படுவியேன்னு பேசாம இருந்துட்டேன்."

புதன்கிழமை போய்விட்டாள்.

மண் இரும்பாக இறுகிக் கிடந்ததால் குழி வெட்ட முடியாது. எங்கள் பக்கத்தில் குளிர்காலத்தில் போகிறவர்களைக் கல்லறைத் தோட்டத்துக் கல் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டு, பனி இளகிய பிறகுதான் புதைப்போம். ரக்னாவும் அங்கே காத்திருக்கப் போனாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். சுவரிலிருக்கும் தெர்மோஸ்டாட்டை ஆர்விட் பிய்த்து எறிவார் என்று ஆஸ்கர் எதிர்பார்த்தார். அவர் அதை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம். எல்னா தேடிக்கொண்டு போய் வடக்கு அறைக் கதவைத் திறந்தாள். கட்டில் இருந்த இடத்தில், வெறும் சட்டையோடு, தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"என்னப்பா இது? எழுந்து வாங்க. குளிருது."

"நீ கதவச் சாத்திட்டுப் போம்மா," என்றார் ஆர்விட். "அவளுக்கு எவ்வளவு குளிருச்சுன்னு எனக்குத் தெரியணும்."