எல்லாரும் ஹீரோதான்

சேதராப்பட்டு கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து அலுத்து வந்தால், மகளின் போனில் அடிதடிச் சத்தம். வெவ்வேறு கதைகளின் நாயகர்கள் ஒரே கேமில் மோதுகிறார்கள்.

சின்ன வயதில் எங்கள் டிவியிலும் இப்படியொரு கேம் ஓடியது. அடாப்டர் சூடேறி நாறினாலும் அண்ணனும் நானும் விடமாட்டோம். யாரோடும் யாரையும் மோதவிடலாம், அதுதான் ருசி. கதை கிடையாது, முடிவும் கிடையாது.

ஒருநாள் துண்டால் முகம் துடைத்தபடி அப்பா கேட்டார்: "இதுல யாருடா கெட்டவன்?"

"எல்லாரும் ஹீரோதான்பா."

"அப்புறம் இன்னாத்துக்குடா அடிச்சிக்கிறானுங்க?"

நாங்கள் சிரித்தோம்.

அப்பா காலமானபின் மனைத் தகராறில் அண்ணனோடு பேச்சு நின்றது. வீட்டின் நடுவே சுவர் எழுந்தது.

"யாரோட ஆடற?" என்றேன் மகளிடம்.

"செவுத்துக்கு அந்தாண்ட, பெரியப்பா பையன்கூட. நாங்க ஒரே டீம்பா."

"சத்தத்தைக் கம்மி பண்ணு. பெரியப்பாவுக்குக் கேக்கப்போவுது."